சாலைக்கு முன் விதி, கட்டடத்துக்கு முன் கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இதழுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



“ஊரில் வரப்போகும் புதுக் கட்டடங்கள் பற்றிப் பேசுங்கள்” என்று செயலாளர் கேட்டார். சந்தையைப் புதுப்பிக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்க வேண்டும், அடுக்குமாடி பார்க்கிங் வேண்டும் என்ற பேச்சு நம் ஊரில் அவ்வப்போது எழுகிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் பேச்சை ஏரியிலிருந்தோ ஏழு ரோட்டிலிருந்தோ தொடங்காமல் வெள்ளகவியிலிருந்து தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது.

கொடைக்கானல் என்ற ஊர் உருவாவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது. 1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி இந்த மலையை அளக்க வந்தபோது வெள்ளகவியைத்தான் தங்குமிடமாக வைத்துக்கொண்டார். அங்கிருந்து ஏறி வந்துதான் இன்று நாம் குடியிருக்கும் இந்த மேட்டைப் பார்த்தார். 1834-ல் மதுரை சப்-கலெக்டர் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி வந்து செண்பகனூரில் ஒரு பங்களா கட்டினார். 1845-ல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் இரண்டு வீடுகள் கட்டினார்கள். ஏரியை லெவிஞ்ச் துரை உருவாக்கியது 1863-ல். மோட்டார் ரோடு வந்தது அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து, முதல் உலகப் போர் காலத்தில்.

அதுவரை இந்த ஊருக்கு எல்லாம் கால்நடைப் பாதையில்தான் வந்தது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மாநாயக்கன் தோப்பிலிருந்து கூலிகள் தலைச்சுமையாகவும் டோலியிலும் தூக்கி வந்தார்கள். அந்தக் காலத்து வீடுகள் ஏன் சின்னதாக, ஒற்றைத் தளமாக, உள்ளூர்க் கல்லில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அழகுணர்ச்சி ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய காரணம், ஒரு மனிதன் தூக்க முடிந்ததுதான் மேலே வந்தது. பாதையே விதியாக இருந்தது. லாரி வந்ததும் அந்த விதி போய்விட்டது. சிமென்டும் கம்பியும் எத்தனை மாடிக்கு வேண்டுமானாலும் வரும். பாதை போட்ட கட்டுப்பாட்டின் இடத்தில் எழுத்தில் ஒரு விதி வந்திருக்க வேண்டும். அது வர நெடுங்காலம் ஆனது. வந்த பிறகும் நாம் அதை மதிக்கவில்லை.

1985-ல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. 1990-ல் மலைப் பகுதிகளில் கட்டுமானத்தைக் கண்காணிக்க மாநில அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. ஹாகா என்று நாம் சொல்வது அதைத்தான். 1993-ல் நம் ஊருக்கு மாஸ்டர் பிளான் வந்தது. அடுத்த ஆண்டே ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு விதிவிலக்குக் கொடுத்து ஓர் அரசாணை வந்தது. பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ஏற்கவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றத்திலும் ஹோட்டலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. மலையூரில் மாடி எழுப்புவது சொந்த விஷயம் மட்டுமில்லை, பொது விஷயம் என்பதை நாடு முழுக்கத் தெரிய வைத்த வழக்கு அது. நடந்தது நம் ஊரில்.

அதற்குப் பிறகு நாம் திருந்தியிருக்க வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளானை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்க வேண்டும். 1993 பிளான் அப்படிக் காலத்தோடு புதுப்பிக்கப்படவில்லை. விளைவு என்ன? நேர்மையாக ஒரு வீடு கட்ட நினைத்தவர் அனுமதிக்காக அலைந்தார். அனுமதியைப் பற்றிக் கவலைப்படாதவர் காட்டேஜ் கட்டி வாடகைக்கு விட்டார். 2018, 2019-ல் மதுரைக் கிளையின் உத்தரவுப்படி நகராட்சி சீல் வைக்கத் தொடங்கியபோது, விதிமீறிய கட்டடங்கள் ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பில் நம் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. இவ்வளவு சிறிய ஊரில் ஆயிரம் கட்டடம் என்றால், நம் தெருவில் ஒன்றாவது அதில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சீல் வைப்பில் பெரிய முதலாளியும் அடிபட்டார், கடன் வாங்கி இரண்டு அறை கட்டி வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் அடிபட்டார். இதை நாம் மறக்கக் கூடாது. விதி தாமதமாக வந்தால் அதன் சுமை ஏழையின் தலையில்தான் முதலில் இறங்கும்.

இப்போது வெள்ளகவிக்குத் திரும்புகிறேன். வட்டக்கானல், டால்பின் நோஸ் வழியாக இறங்கிப் போகிறவர்களுக்கு அந்த ஊரைத் தெரியும். வீடுகளும் கோயில்களும் ஒட்டி ஒட்டி இருக்கும். ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். ஊரே கோயில் என்பது அவர்கள் நம்பிக்கை. காப்பி, மிளகு, மலைவாழை, பட்டர்புரூட் விளைகிறது. விளைந்ததைக் குதிரையில் ஏற்றிப் பெரியகுளம் பக்கம் இறக்குவார்கள். நோய் வந்தால் டோலி கட்டித் தூக்கி வந்த ஊர் அது. பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தோளில் சுமந்து மலை ஏறுவது என்றால் என்ன என்று, ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடத்தில் போகிற நமக்குத் தெரியாது. சாலை வேண்டும் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. “அந்த ஊர் அப்படியே பழமையாக இருந்தால் நல்லது” என்று நாம் ஏசி பஸ்ஸில் வந்து இறங்கிச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் வட்டக்கானலைப் பாருங்கள். அதுவும் சின்னக் கிராமமாக இருந்ததுதான். வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள், அறைகள் முளைத்தன, வாகனங்கள் நெருக்கின, குப்பை சரிவில் இறங்கியது. வண்டி போகும் இடத்துக்கெல்லாம் காட்டேஜும் போகும் என்பதை இந்த மலை நமக்கு மூன்று நான்கு முறை காட்டிவிட்டது. ஆகவே வெள்ளகவி விஷயத்தில் நம் சங்கம் எடுக்க வேண்டிய நிலை இரண்டு வரிதான். சாலை அவர்கள் உரிமை. சாலை போகும் நாளுக்கு முன்பே, அந்தச் சரிவில் யார், எவ்வளவு, எங்கே கட்டலாம் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். அந்த விதியை எழுதும்போது ஊர்க் கூட்டத்தைக் கேட்க வேண்டும்.

“வெள்ளகவிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அது கீழே இருக்கிற ஊர்” என்று சிலர் நினைக்கலாம். மழைக்காலத்தில் செய்தித்தாளைப் பாருங்கள். “கொடைக்கானல், வட்டக்கானல், வெள்ளகவி பகுதிகளில் மழை, கும்பக்கரையில் குளிக்கத் தடை” என்று அடிக்கடி வரும். அந்த ஒரு வரியில் நம் நிலவியல் முழுவதும் இருக்கிறது. இங்கே நாம் சோலையை வெட்டிக் கான்கிரீட் போட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓடும். ஓடிய தண்ணீர் வெள்ளகவிச் சரிவிலும் கும்பக்கரையிலும் பெரியகுளத்து வயலிலும் போய்த்தான் நிற்கும். நம் செப்டிக் டேங்க் வழிந்தாலும் அதே வழிதான். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் இமயமலையில் ஜோஷிமட் ஊரே விரிசல் விட்டது. 2024 ஜூலை 30 விடியற்காலை வயநாட்டில் நடந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். மண்ணின் அமைப்பு இடத்துக்கு இடம் மாறும், உண்மைதான். சரிவில் பாரம் ஏற்றி, நீரோடையை அடைத்தால் என்ன ஆகும் என்பது எங்கேயும் மாறாது.

சரி, நம் சந்தைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இல்லாமல் கொடைக்கானல் இல்லை. மேல்மலைக் கேரட், பீன்ஸ், பூண்டு, கீழ்மலை வாழை, காப்பி எல்லாம் கூடும் இடம். மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் பூண்டின் மொத்த வியாபாரம் கீழே வடுகபட்டியில்தான் நடக்கிறது. நம்மிடம் உட்கார்ந்து விற்பவர்கள் பெரும்பாலும் சின்ன ஆட்கள். ஒரு சாக்கு விரித்து, நான்கு கூடை வைத்து, மாலை பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புகிறவர்கள்.

சந்தையைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையில் சேற்றில் நின்று காய் வாங்குவது யாருக்கும் பெருமை இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், கூரை வேண்டும், தீயணைப்பு வண்டி நுழைய வழி வேண்டும். என் கேள்வி ஒன்றுதான். புதுக் கட்டடம் வந்த பிறகு அதே அம்மா அதே கூடையோடு அங்கே உட்கார முடியுமா? சந்தையை இடித்து அடுக்குக் கடையாகக் கட்டி, கடையை ஏலம் விட்டு, முன்பணம் கேட்டால், சாக்கு விரித்தவர் ஏலத்தில் நிற்க முடியாது. மதுரையில் புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதை அறிவீர்கள். ஊட்டி நகராட்சி மார்க்கெட்டை இடித்துக் கட்டுவதற்காக வியாபாரிகளைத் தற்காலிக இடத்துக்கு அனுப்பினார்கள். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். மூன்று இடத்திலும் வியாபாரிகள் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான்: இடம் மாறினால் வாடிக்கையாளர் வருவாரா, திரும்பி வரும்போது என் இடம் எனக்கு உண்டா?

இதற்குச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அதே குழுவில் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இடம் உண்டு. நம்மைப் போன்ற சங்கங்களுக்குச் சட்டமே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அதில் நாம் போய் உட்கார வேண்டும்.

அடுத்து தண்ணீர். அப்சர்வேட்டரி நீர்த்தேக்கமும் மனோரஞ்சிதம் அணையும் ஊருக்குக் குடிநீர் தருகின்றன. சீசனில் லாரித் தண்ணீருக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் இருக்கும். நூறு அறை கட்டினால் நூறு குளியலறை. அதற்கான தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று வரைபடத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பார்க்கிங்கும் அப்படித்தான். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். இந்த மலை எவ்வளவு தாங்கும் என்று ஆய்வு செய்யவும் நீதிமன்றம் சொன்னது. முதலில் அந்தக் கணக்கு, பிறகு பார்க்கிங் என்பதுதான் முறை. எத்தனை வண்டிக்கு இடம் என்று தெரியாமல் கட்டினால், கட்டிய இடத்தை நிரப்ப வண்டி வரும்.

இ-பாஸால் வியாபாரம் குறைகிறது என்று நம் உறுப்பினர்களிலேயே கடை வைத்திருப்போர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அவர்களை விட்டுவிட்டு நாம் தீர்மானம் போடக் கூடாது. ஆனால் ரோட்டில் மூன்று மணி நேரம் நிற்கும் பயணி கடையில் இறங்குவதும் இல்லை. ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, மாஸ்டர் பிளானின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை சொல்லச் சட்டம் இரண்டு மாதமாவது தருகிறது. வரைவு வந்த பிறகு ஓடாமல், வார்டுக்கு இரண்டு பேர் வீதம் இப்போதே குழு அமைப்போம். ஓடை, சரிவு, சோலைத் துண்டு, பொதுக் கிணறு எல்லாவற்றையும் அவரவர் தெருவில் குறித்து வைப்போம்.

இரண்டாவது, நகர விற்பனைக் குழு பற்றி, வியாபாரிகள் கணக்கெடுப்பு பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். பதிலை இந்த இதழிலேயே வெளியிடுவோம்.

மூன்றாவது, சந்தை, பஸ் ஸ்டாண்டு போன்ற எந்தப் பொதுக் கட்டடம் என்றாலும் தண்ணீர், கழிவுநீர், மண் உறுதி ஆகிய மூன்று அறிக்கைகளைத் தமிழில் மக்கள் பார்வைக்கு வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதுவோம்.

நான்காவது, வெள்ளகவி ஊர்ப் பெரியவர்களையும் அங்குள்ள பெண்களையும் நம் அடுத்த கூட்டத்துக்கு அழைப்போம். அவர்கள் சார்பாக நாம் பேச வேண்டாம். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். சாலைக் கோரிக்கைக்கு நம் சங்கத்தின் ஆதரவுக் கடிதத்தை, கட்டட விதி வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்து, அவர்கள் ஒப்புதலோடு அனுப்புவோம்.

கடைசியாக ஒன்று. விதியைப் பிறருக்குக் கேட்கும் சங்கம் தன் வீட்டிலும் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாத அறை வாடகைக்கு விடப்படுகிறதா, மழைநீர்த் தொட்டி இருக்கிறதா, கழிவு ஓடையில் கலக்கிறதா என்று உறுப்பினர்களாகிய நாமே ஒரு படிவம் நிரப்பித் தருவோம். பெயர் வெளியிட வேண்டியதில்லை. எண்ணிக்கை தெரிந்தால் போதும். அந்த எண்ணிக்கையோடு நகராட்சிக்குப் போனால் நம் பேச்சுக்கு எடை இருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். குழுவில் சேர விரும்புகிறவர்கள் போகும் முன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.