தகடு தரும் இயந்திரன்

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில், ஒரு சொல்லும் உரையாமல் சீழ்க்கையொலியாலேயே உலகத்தாரின் மனத்தைக் கவர்ந்த ‘ஆர்ட்டூ டீட்டூ’ என்னும் இயந்திரனை, ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில், அசலின் பிரமாணம் பிறழாமல், வெறும் பிளாஸ்டிக் தகடுகளைக் கொண்டு வீட்டிலேயே நிர்மாணிக்கும் ரசிகர்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள்.

ஸ்டைரீன் என்னும் அத்தகட்டை முற்றாக அறுக்க வேண்டுவதில்லை. அடிமட்டத்தை ஒட்டிக் கத்தியால் இரண்டு மூன்று முறை கீறி மடக்கினால், கீறிய கோட்டிலேயே படக்கென்று முறிந்துவிடும். ஒட்டும் திரவமோ பசையன்று; இரு விளிம்புகளையும் சற்றே இளக்கி, ஒரே தகடாக ஐக்கியப்படுத்தும் கரைப்பான். அதன் ஆவி தீயது. ஆதலால் அடைத்த லயக் காம்பிராவைவிடக் காற்றோட்டமுள்ள இஸ்தோப்பே உத்தமம். நம் ஊரான தெரணியகலையின் அடைமழையில் காகித அட்டை ஊறி நைந்துபோகும். இத்தகடோ ஈரத்தை ஏற்பதில்லை என்பதால், நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதுவே தகுந்த பொருள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்கலையில் தேர்ந்த லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீபிள்ஸ் என்னும் இரு ரசிகர்களை, 2015இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ தொடர்ப் படத்துக்கு அதே இயந்திரனைச் செய்துதரும்படி படக்குழுவினர் நியமித்தார்கள் என்பதை எண்ணுகையில் எனக்குப் பேரானந்தம் உண்டாகிறது. தொடங்க விரும்புவோர் இயந்திரனின் பாதப் பெட்டியை முதலிற் செய்யலாம்; அதில் பெரும்பாலும் நேர்கோடுகளே.