பழங்கதைகளும் எங்கட பிள்ளைகளும்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் இல்லை. தொழிற்சாலையில் சிப்ற் வேலை செய்கிறவன். ஏ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுவிட்டது. சங்கத்தார் "பத்து நிமிசம் ஏதாவது கதையும்" என்று கேட்டார்கள். சரி, கதைகளைப் பற்றியே கதைப்பம் என்று வந்திருக்கிறேன்.

கோத்தார்ட் சுரங்கத்தால் தெற்கே போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். சுரங்கத்தின் வடக்கு வாசல் கோசெனன் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே வீதிக்குக் கிட்ட ஒரு பெரிய பாறை நிற்கிறது. அதற்குப் பிசாசுக் கல் என்று பெயர்.

கதை இதுதான். முந்தி ஊரி மக்களுக்கு அந்த மலை இடுக்கில் ஆற்றைக் கடக்கப் பாலம் கட்ட முடியவில்லை. பிசாசு வந்து, "நான் கட்டித் தாறன், முதலில் கடக்கிற உயிர் எனக்கு" என்றதாம். பாலம் எழும்பியது. சனங்கள் கெட்டிக்காரர், முதலில் ஒரு கடாவைத் துரத்திவிட்டார்கள். பிசாசுக்குக் கோபம் வந்தது. பாலத்தை உடைக்க ஒரு பாறையைத் தூக்கிக்கொண்டு வந்தது. வழியில் ஒரு கிழவி அந்தப் பாறையில் சிலுவை கீறிவிட்டாள். பிசாசு கல்லைப் போட்டுவிட்டு ஓடியதாம்.

இது எல்லா நாட்டிலும் உள்ள மாதிரி ஒரு பாட்டி கதை. ஆனால் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம். கோத்தார்ட் நெடுஞ்சாலை போடும்போது அந்தக் கல் பாதைக்குக் குறுக்கே நின்றது. வெடி வைத்தால் வேலை முடிந்தது. சனங்கள் விடவில்லை. 1977இல் 220 தொன் பாறையை 127 மீற்றர் தள்ளி நகர்த்தி வைத்தார்கள். செலவு ஏறக்குறைய 3 இலட்சம் பிராங்!

நாங்கள் வேலைக்கு ஐந்து நிமிசம் பிந்தினால் கணக்குப் பார்க்கிற நாடு இது. பிசாசு வந்து பாலம் கட்டவில்லை என்று அந்த எஞ்சினியர்மாருக்குத் தெரியாதா? தெரியும். கதை இருந்த கல் போனால் ஊருக்கு ஒன்று குறையும் என்பதும் தெரியும்.

இனி எங்கட பக்கம் வருவம்.

1990இல் வலிகாமம் வடக்குச் சனங்கள் ஊரை விட்டு எழும்பின வருசம் நான் கைக்குழந்தை. கீரிமலையை நான் கண்ணால் கண்டு அறியவில்லை, அம்மம்மாவின் வாயால்தான் அறிந்தேன். முகாமில் விளக்கு நூர்த்த பிறகு சொல்லுவா. கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவர் அந்தத் தீர்த்தத்தில் குளித்து மனித முகம் பெற்றது, குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி குளித்து அழகியானது, அதனால் மா விட்ட புரம், மாவிட்டபுரம் என்று பேர் வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்லுவா: "கடல் உப்புத் தண்ணி. பக்கத்தில கேணி நல்ல தண்ணி. நடுவில ஒரு சுவர்தான்." எனக்குக் குதிரை முகத்தை விட அந்தச் சுவர்தான் பெரிய புதினமாக இருந்தது.

பிறகு ஏ.எல்.இல் புவியியல் படித்தபோது விளங்கியது. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கடற்கரையில் ஊற்றாக வருகிறது. காரணம் தெரிந்ததும் அதிசயம் குறைந்துபோனதா? இல்லை, கூடியது. மழைத் தண்ணீர் இருட்டுக்குள்ளே வழி தேடிப் போய்க் கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீராக வெளிக்கிடுகிறது என்றால், அது இளவரசியின் கதைக்குக் குறைந்ததா?

ஆகவே பிள்ளைகள் "இது உண்மையா?" என்று கேட்டால் வாயை மூடு என்று சொல்லாதேங்கோ. "குதிரை முகத்துக்கு அத்தாட்சி இல்லை, தண்ணிக்கு அத்தாட்சி இருக்கு" என்று சொல்லுங்கோ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை இரண்டையும் வைத்திருக்கும்.

பொய் போலத் தெரிகிற உண்மைக் கதையும் எங்களிடம் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் எங்கட மேத்திரிமார் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சுயஸ் கால்வாயால் கொண்டுபோய், அத்திலாந்திக் கடலைத் தாண்டி, 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இதை எங்கட எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறம்? வில்லியம் ரெல்லின் அப்பிள் கதை பள்ளிக்கூடத்தில் படித்து அதுகளுக்கு நல்லாத் தெரியும். தெரியட்டும், அதுவும் நல்ல கதை.

எங்கட பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்டது அநேகமாக செல், பங்கர், முகாம், இழந்த காணி. அதையும் சொல்லத்தான் வேணும், மறைக்க ஏலாது. ஆனால் அது மட்டும் சொன்னால், அம்மா அப்பாவின் ஊர் தப்பி ஓடுவதற்கென்றே இருந்த ஊர் என்று பிள்ளை நினைக்கும். அங்கே நின்று வாய் பிளந்து பார்க்கவும் ஏதோ இருந்தது என்று தெரிய வேண்டாமா?

எங்களுக்கும் இது தேவை. நாள் முழுக்க ஒரே மெசின், ஒரே சத்தம். வீட்டுக்கு வந்தால் கடிதம், பில், விசாக் கவலை. ஆச்சரியப்பட நேரமில்லை. ஆனால் பிள்ளைக்குக் கதை சொல்லி, அதன் கண் விரியும்போது எங்கட கண்ணும் கொஞ்சம் விரியும். சொல்லிப் பாருங்கோ, தெரியும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தில் இருக்கிற அம்மம்மா, அப்பப்பா, அப்பம்மாமார் எங்களோடு என்றைக்கும் இருக்கப் போவதில்லை. மாதத்தில் ஒரு தமிழ் வகுப்பை அவர்களுக்கு விடுவம். அவர்கள் ஊர்க் கதை சொல்லட்டும், பெரிய பிள்ளைகள் போனில் பதிவு செய்யட்டும். தமிழ் விளங்காத இடத்தில் டொச்சில் கேட்டாலும் பரவாயில்லை.

இந்த நாட்டுக்காரர் ஒரு கதைக்காக 3 இலட்சம் பிராங் செலவழித்தார்கள். எங்களிடம் அவ்வளவு காசு கேட்க ஆளில்லை. படுக்கப் போகுமுன் பத்து நிமிசம் போதும்.

எல்லோருக்கும் புது வருசம் நல்லதாக அமையட்டும்.