மணமேடையின் ஓரம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் என் கையெழுத்து ஆடியிலும் மார்கழியிலும் மட்டுமே தவறாமல் இருக்கும். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முகூர்த்த நாள். "ஆடி மாத உறுப்பினர்" என்று செயலாளர் எனக்கொரு பட்டமே சூட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவனை அழைத்து, "வட்டத்தின் பத்தாண்டுகளில் ஏதேனும் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு உங்கள் தொழிலையும் வாழ்வையும் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை, 2020 என்றேன். முகூர்த்த நாள்களும் இல்லாது போய், எல்லாக் கூட்டங்களுக்கும் வர எனக்கு நேரம் இருந்த ஆண்டு அது. கூட்டந்தான் நடக்கவில்லை.

நான் கவிதை எழுதுபவன் அல்லன்; கேட்பவன். திருமணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். மேடையில் ஒளிப்படக் கலைஞர் என்கிறீர்கள். ஆவடியில் என் கடை இருக்கும் தெருவில் நான் போட்டோக்காரர். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று தமிழில் இதற்கு மூன்று சொற்கள் உண்டு. மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கிய நாளில் எழுந்த புகையால் முதற்சொல் வந்தது என்பார்கள். புகை போய்விட்டது, சொல் இன்னும் கடைப் பலகைகளில் நிற்கிறது.

எங்கள் பகுதித் திருமணங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் எழுந்தது. விஜயந்தா டாங்கிகள் உருவான இடம். அதனோடு விமானப்படையும் மத்திய ரிசர்வ் காவல் படையும் இருப்பதால், ஒரே மாதத்தில் தெலுங்கர் வீட்டுச் சீரகம் வெல்லத்தையும், மலையாளிகள் வீட்டுப் புடவை கொடுத்தலையும், வங்காளிகள் வீட்டுக் குங்குமத்தையும் நான் படம் எடுத்திருக்கிறேன். எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது சாதிக்குச் சாதி, மொழிக்கு மொழி மாறும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்காரர்கள் வீட்டு வரவேற்போ வேறு வகை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நண்பர்கள் வரும்வரை மணமக்களை மேடையைவிட்டு இறக்க மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு வேலைச் சட்டையோடு வந்து நிற்கும் அந்தக் குழுப்படங்கள்தாம் ஆல்பத்திலேயே சிரிப்பு உண்மையாக இருப்பவை. பூவிருந்தவல்லிக்குப் பெயரிலேயே பூ இருக்கிறது. அங்கே அலங்காரக்காரர்தான் மேடைக்கு அரசர். எங்கள் விளக்கு நிற்க ஓர் அடி இடம் கேட்டு அவரிடம் மன்றாட வேண்டும்.

1988இல் அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறைப் பையனாகச் சேர்ந்தேன். உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள் அப்போது புழக்கத்தில் இருந்தது. அந்த ஆலை இன்று இல்லை. கல்யாணத்துக்குக் கலர் வந்துவிட்டிருந்தது. ஒரு சுருளுக்கு 36 படம். ஒரு கல்யாணத்துக்கு ஐந்து சுருள் கொடுத்தால் தாராளமான வீடு. ஆக 180 படத்துக்குள் மாப்பிள்ளை அழைப்பு முதல் சாந்தி முகூர்த்தப் பால்சொம்பு வரை அடக்க வேண்டும். என் ஆசான் சொல்வார்: "படம் எடுக்கிறது பெரிசு இல்லடா. யாரை எடுக்காம விடணும்னு தெரியணும்." சிக்கனத்துக்காகச் சொன்ன சொல். இருபது ஆண்டுகள் அதைத் தொழில் இலக்கணமாகவே மனத்தில் வைத்திருந்தேன்.

அந்த இலக்கணத்தில் எழுதாத விதி ஒன்றும் இருந்தது. கணவனை இழந்த பெண்கள் மணமேடைப் படத்தில் விழக்கூடாது. இதை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. காமிராவின் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதே கை தானாக இரண்டங்குலம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். அவர்களும் நமக்கு உதவுவார்கள். காமிரா திரும்பினாலே தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

வரலாறு படித்த நண்பர் ஒருவர் எனக்குச் சொன்ன ஒரு செய்தி. இந்து விதவைகள் மறுமணச் சட்டம் நிறைவேறியது 1856இல். சென்னை அரசாங்கம் லினேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரியைத் தன் ஒளிப்படக்காரராக அமர்த்தியதும் அதே 1856இல்தான். 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் எடுத்த படங்கள் இன்றும் வியப்பூட்டுபவை. காகித நெகட்டிவில் வெளிச்சம் பதிய நெடுநேரம் ஆகும் என்பதால், அசைந்துகொண்டிருந்த மனிதர் பதியவில்லை. கல் மட்டும் பதிந்தது. சட்டமும் அரசாங்க ஒளிப்படக்காரரும் ஒரே ஆண்டில் இந்த மாகாணத்துக்கு வந்தும், நூற்றறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஆவடியில் ஒரு மண்டபத்தில் நான் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன். ட்ரைப்புக்காவது இரசாயனத்தைக் காரணம் சொல்லலாம்.

2020 பிப்ரவரி, தை முடிந்து மாசி பிறக்கும் வாரம். மணமகளின் தந்தை இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். காலை ஐந்து மணிக்கு ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, பொண்ணோட அம்மா பிரேம்ல வந்துடாம பாத்துக்குங்க. அபசகுனம்னு மாப்பிள்ளை வீட்ல பேச்சு வரும்" என்றார். "சரிங்க ஐயா" என்றேன். அவ்வளவுதான். மறுத்துப் பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. அன்று நானும் என் உதவியாளர் தம்பியும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டாயிரம் படங்கள் எடுத்தோம். சுருள் காலம் போய்விட்டது. அட்டையில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் ஒருத்திக்கு இடமில்லை.

அடுத்த மாதம் ஊரடங்கு. மார்ச் 24 மாலை கடையை இறக்கிப் பூட்டினேன். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அது காமிராத் தவணைக்குப் போய்விட்டிருந்தது. கோயம்பேடு சந்தையை மே மாதத்தில் மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள் அல்லவா, அங்கே காய்கறி லாரிகளுக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. ஆழ்வார் பிறந்த ஊரில், மழை பெய்தால் கணுக்கால் அளவு சேற்றில், இரவெல்லாம் வெங்காய மூட்டை எண்ணினேன். செப்டம்பர் இறுதியில் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பும்வரை அந்தக் கூலிதான் வீட்டுக்கு அரிசி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூட்டை எண்ணுவதில் ஒரு நிம்மதி உண்டு. மூட்டைக்கு முகம் கிடையாது.

இடையில் சில திருமணங்கள் நடந்தன. 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது உத்தரவு. அந்த ஐம்பதில் சமையற்காரரும் நாதஸ்வரக்காரரும் நானும் சேர்த்தி. ஆகவே வீடியோக்காரரை நீக்கினார்கள், என் உதவியாளரை நீக்கினார்கள். பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை அடைத்திருந்ததால், பூட்டிய கதவுக்கு முன் நின்று தாலி கட்டிக்கொண்ட ஒரு ஜோடியை எடுத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பூட்டு பளபளவென்று படத்தில் விழுந்தது. அதை மறைத்துத் தரச் சொன்னார்கள், மறைத்துக் கொடுத்தேன். இன்று அந்தப் படத்தில் அந்தப் பூட்டு ஒன்றுதான் இருந்திருக்க வேண்டியது என்று தோன்றுகிறது.

ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் மீண்டும் முழு ஊரடங்கு. அந்த நாள்களில்தான் என் கைப்பேசிக்கு வேறு வகையான வேலை வரத் தொடங்கியது. எவரோ ஒருவருடைய கல்யாணக் குழுப்படம் வரும். கூடவே, "இடப்பக்கம் மூணாவது, கண்ணாடி போட்டவர். அவர் முகம் மட்டும் பெரிசா வேணும்" என்று ஒரு குரல். மாலை போட்டு விளக்கேற்றப் படம் வேண்டும். நம் வீடுகளில் உயிரோடிருக்கும்போது தனியாகப் படம் எடுத்துக்கொள்பவர் எத்தனை பேர்? பிறர் திருமணத்தில் ஓரமாக நின்றதுதான் பலருக்கும் இருக்கும் ஒரே படம். அதிலிருந்து முகத்தை வெட்டி, பக்கத்திலிருப்பவரின் தோளை அழித்து, பின்னால் நீலம் பூசி, கடையில் இருந்த சிறு பிரிண்டரில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிக் கொடுப்பேன். அந்த ஆண்டில் நான் எடுத்த முகங்களைவிட வெட்டி எடுத்த முகங்களே அதிகம். முப்பது ஆண்டுகளாக மணமக்களுக்காகத்தான் படம் எடுக்கிறோம் என்று எண்ணியிருந்தேன். ஓரத்தில் நின்றவர்களுக்காகவும் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜூலையில் ஒருநாள் அந்த மாசி மாதத்து மணமகள் பேசினாள். "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றாள். மருத்துவமனையிலிருந்து உடலை நேரே கொண்டுபோய்விட்டார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கு அம்மா பச்சைக் கலர் பட்டு கட்டியிருந்தாங்க. அதுல ஒரு படம் வேணும்."

இரண்டாயிரம் படங்களையும் மூன்று இரவுகள் பார்த்தேன். என் படங்களில் அவர் இல்லை. தூணோரம் ஒரு பச்சை முந்தானை. பந்தி வாசலில் ஒரு முதுகு. தாம்பாளத்தை நீட்டும் ஒரு கை, அதுவும் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு. என் வேலையை நான் எவ்வளவு செம்மையாகச் செய்திருந்தேன் என்பதற்கு அந்த இரண்டாயிரமும் சாட்சி. பிறகு உதவியாளருக்குப் பேசினேன். விளக்கைச் சரிபார்க்க விடியற்காலையில் அவன் எடுக்கும் சோதனைப் படங்களைத் தனி அட்டையில் வைத்திருப்பான், வழக்கமாக அழித்துவிடுவோம். வேலை இல்லாததால் அந்த அட்டையை அவன் தொடவில்லை. அதில் ஒன்று. மணி 4.40. மேடையில் யாரும் இல்லை. அந்த அம்மையார் குனிந்து குத்துவிளக்கின் திரியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். முகம் முக்கால் பாகம். சற்றே அசைந்திருக்கிறது. மேடை காலியாக இருந்ததால் ஏறியிருக்கிறார்.

அதை அனுப்பினேன். சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள்: "அண்ணா, அம்மா என் பக்கத்துல நிக்கிற மாதிரி சேர்த்துத் தர முடியுமா?"

இது எங்களுக்கு அன்றாட வேலை. இறந்துபோன தந்தையரை மேடையில் நிறுத்திக் கொடுத்தது எத்தனையோ முறை. அதில் தவறும் காணமாட்டேன். ஆனால் இங்கே தந்தை இல்லாத குறையைப் போல இல்லை இது. அந்த அம்மா பத்தடி தூரத்தில் உயிரோடு நின்றார். நான்தான் காமிராவைத் திருப்பிக்கொண்டேன். இப்போது அவரைச் சேர்த்துக் கொடுத்தால் என் பிழையையும் சேர்த்தே அழித்துவிடுவேன். நடந்ததை அவளிடம் சொன்னேன். பெரியவர் சொன்னது, நான் சரி என்றது, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் அண்ணா. தூண்கிட்ட நின்னாங்க. நான் பார்த்தேன். நானும் கூப்பிடலை" என்றாள்.

அதன்பின் இருவரும் பேசவில்லை. சேர்த்த படம் வேண்டாம் என்று மறுநாள் செய்தி அனுப்பினாள். திரி தூண்டும் படத்தை அசைவோடு அப்படியே அச்சிட்டுக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றதற்கு அவள் ஒப்பவில்லை.

நண்பர்களே, அதன்பிறகு எந்தத் திருமணத்துக்கு ஒப்புக்கொண்டாலும் முதலில் மணமக்களின் தாய்மாரைத் தனியே எடுத்துவிடுகிறேன். இதனால் இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. எல்லா இடத்திலும் இது நடந்துவிடுகிறது என்று சொல்லவும் மாட்டேன். சென்ற தையில் அம்பத்தூரில் ஒரு மண்டபம். மணமகளின் தாய் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மேடைக்கு வாங்கம்மா, ஒரு படம்" என்றேன். "வேண்டாம் தம்பி. நான் நின்னா அவளுக்கு ஆகாது. நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை? அவருடைய அச்சத்தையும் மதிக்க வேண்டியவன்தானே நான். திரும்பி வந்துவிட்டேன்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மணமகளே மாலையோடு இறங்கி வந்து அந்தப் பின்வரிசையில் தாயின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலில் புது மெட்டி கடித்திருக்க வேண்டும். குனிந்து அதைத் தளர்த்திக்கொண்டே ஏதோ சொன்னாள். அந்த அம்மா சிரித்தார். இந்த முறை நான் எவரிடமும் கேட்கவில்லை. அதை ஆல்பத்தின் முதற்பக்கத்தில் வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. பேசிப் பேசி முப்பத்திரண்டாம் பக்கத்தில் இடம் வாங்கினேன். சாப்பாட்டுப் படங்களுக்கு முன்னால்.