இலாச்சியில் கிடந்த கடிதம்

பிழை செய்வது மனித இயல்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். செய்த பிழை நமக்குத் தெரியவரும் அந்த நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கனடாவில் வாழும் என் தமக்கையின் மகனுடைய அநுபவம் ஒன்றை வைத்து அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவனுடைய சம்மதத்துடனேயே சொல்கிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகளும் சகோதரரும் அந்த நாட்டில் உழைத்துச் சேமித்து வருகிறார்கள். இது அவர்களுக்கும் பயன்படலாம்.

கனடா அரசாங்கம் 2009 ஆம் ஆண்டில் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு என்ற ஒன்றை ஏற்படுத்தியது. அதில் இட்ட பணத்துக்குக் கிடைக்கும் வட்டிக்கும் இலாபத்துக்கும் வரி இல்லை. திரும்ப எடுக்கும்போதும் வரி இல்லை. ஆனால் ஒருவர் அதில் இடக்கூடிய தொகைக்கு ஆண்டுதோறும் ஓர் எல்லை உண்டு. தொடக்கத்தில் அது 5,000 டொலராக இருந்தது. 2023 இல் 6,500 டொலர், 2024 இல் 7,000 டொலர். ஓர் ஆண்டில் பயன்படுத்தாத எல்லை வீண்போவதில்லை. அடுத்த ஆண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே போகும். அவ்வாறு 2009 முதல் 2023 வரை சேர்ந்த மொத்தம் 88,000 டொலர்.

இந்த 88,000 என்ற எண்ணே என் மருமகனை மயக்கியது. அவன் மனைவியுடன் அந்நாட்டில் குடியேறியது 2021 இல். இருவரும் இரவு பகலாக வேலை செய்து 35,000 டொலர் சேர்த்தனர். வேலைத்தலத்து நண்பர் ஒருவர், "88,000 வரை போடலாம், பயமில்லாமல் போடு" என்றார். சொன்னவர் பல்லாண்டுகளாக அங்கே வாழ்பவர். அவரைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் பதினெட்டு வயது நிரம்பிய பின், கனடாவில் வசித்த ஆண்டுகளுக்கு மட்டுமே ஒருவருக்கு இந்த உரிமை உண்டு. அவனுக்குரியது 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளின் எல்லை. அதாவது 18,500 டொலர். அவனோ 2023 மார்ச்சில் 35,000 டொலரையும் தன் பெயரிலேயே இட்டுவிட்டான். மிகுதி 16,500 டொலர்.

எல்லை மீறிய தொகைக்கு மாதம் ஒன்றுக்கு நூற்றுக்கு ஒரு வீதம் வரி உண்டு. அவனுக்கு மாதந்தோறும் 165 டொலர், அவன் அறியாமலே, ஏறிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு முடியும்போது பத்து மாதங்களுக்கு 1,650 டொலர். 2024 பிறந்ததும் புதிய ஆண்டின் 7,000 டொலர் எல்லை சேர, மிகுதி 9,500 ஆகக் குறைந்தது. வரியும் மாதம் 95 டொலராயிற்று.

2024 யூலையில் வரி அலுவலகத்தின் கடிதம் வந்தது. அதைப் படித்த என் மருமகன் மடித்து மேசை இலாச்சியின் அடியில் வைத்துப் பூட்டினான். மனைவியிடம் சொல்லவில்லை, தாயிடமும் சொல்லவில்லை. ஒருவருக்கும் ஒரு சதம் கடன் வைக்காத குடும்பத்திலே பிறந்தவன் அவன். அரசாங்கத்தின் கடிதம் என்றதும், தான் ஏதோ குற்றவாளியாகிவிட்டதாக நடுங்கிப்போனான். ஐந்து மாதங்கள் கழிந்து டிசெம்பரில் ஓர் இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினான். "மாமா, நான் களவெடுக்கவில்லையே. என்னுடைய காசைத்தானே வைத்தேன்!" என்று சொல்லி அழுதான்.

நேயர்களே, முப்பது ஆண்டுகளாகப் பாடசாலைகளிலே இதே குரலை நான் கேட்டு வருகிறேன். கணிதத்தில் குறைந்த புள்ளி எடுத்த மாணவன் தேர்ச்சி அறிக்கையைப் புத்தகப் பைக்குள் ஒளித்து வைக்கிறான். புள்ளி குறைந்ததைத் தகப்பனார் மன்னித்துவிடுவார். ஒளித்து வைத்த மூன்று வாரங்களே அவரை வருத்தும். என் மருமகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உன் மனைவிக்கு இது தெரியுமா?" தெரியாது என்றான். "முதலில் அவளிடம் சொல்; நாளைக்கே மிகுதிப் பணத்தை வெளியில் எடு" என்றேன்.

அவன் அவ்வாறே செய்தான். அப்போதுதான் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. அவளுக்கும் 18,500 டொலர் எல்லை இருந்தது; அவள் அக்கணக்கைத் திறக்கவே இல்லை. கணவன் கொடுக்கும் பணத்தை மனைவி தன் கணக்கில் இடுவதைச் சட்டம் தடுப்பதில்லை. இருவருடைய எல்லையும் சேர்ந்தால் 37,000 டொலர். தொடக்கத்திலேயே இருவரும் இருந்து கலந்து பேசியிருந்தால் அந்த 35,000 டொலரும் ஒரு சதம் வரியின்றி அடங்கியிருக்கும்!

சட்டம் இரக்கமற்றது என்று எண்ண வேண்டாம். நியாயமான தவறினால் எல்லை மீறியவர், மிகுதியைத் தாமதமின்றி எடுத்துவிட்டால், வரியை நீக்கும்படி கேட்கலாம். நீக்கும் அதிகாரம் அங்கே சட்டத்திலேயே உண்டு. என் மருமகனும் கேட்டான். ஆனால் கடிதம் கிடைத்த பின் ஐந்து மாதம் வாளாவிருந்தது ஏன் என்பதற்கு அவனிடம் விடை இல்லை. சலுகை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் 2,790 டொலரும், காலம் தாழ்த்தியதற்கான தண்டமும் வட்டியும் கட்டினான். கடிதம் வந்த யூலையிலேயே பணத்தை எடுத்திருந்தால், 475 டொலர் மிஞ்சியிருக்கும் என்பது சிறு கணக்கு. மன்னிப்புக் கேட்கும் தகுதியை இழந்ததே பெரிய கணக்கு.

கனடாவில் உறவினர் உள்ளோர் அவர்களுக்கு மூன்று விடயங்களை எழுதி அனுப்புங்கள். முதலாவது, தம்முடைய எல்லையைத் தாம் குடியேறிய ஆண்டிலிருந்து தாமே கணக்கிட வேண்டும். பிறருடைய எல்லை தமக்குரியதன்று. இரண்டாவது, எல்லை நிரம்பியவர் இடையில் எடுத்த பணத்தை அதே ஆண்டில் திரும்ப இட்டால் அதுவும் மீறலாகும். எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஆண்டு சனவரி முதலாந் திகதியே மீளக் கிடைக்கும். வேறு வங்கிக்கு மாற்றுவதாயின், கையில் எடுத்துக்கொண்டு போகாமல், வங்கிகளே நேரடியாக மாற்றும்படி கேட்க வேண்டும். மூன்றாவது, வங்கிகள் ஓர் ஆண்டின் விபரத்தை அவ்வாண்டு முடிந்த பின்னரே அரசாங்கத்துக்கு அறிவிக்கின்றன. ஆகவே அலுவலகம் காட்டும் மீதியை மட்டும் நம்பாமல், இட்ட தொகையையும் எடுத்த தொகையையும் ஒரு கொப்பியில் தாமே எழுதி வரவேண்டும்.

இப்போது அந்த வீட்டில் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. அதை எழுதுபவள் மருமகள். வரும் கடிதங்களை இருவரும் ஒன்றாக இருந்தே பிரிக்கிறார்கள் என்று சென்ற மாதம் என் தமக்கை சொன்னாள். மேசை இலாச்சிக்கு இப்போது பூட்டு இல்லையாம்.