அடுத்தவன் முட்டைக்குக் காவல்

வட அமெரிக்கக் குளங்களில் ஃபேட்ஹெட் மின்னோ என்றொரு பொடி மீன் உண்டு. கெண்டை வகையறா, விரல் நீளம் வந்தாலே அதிகம். பல மீன்களில் பெண்தான் பெரிது. இதில் ஆண் பெரிது. முட்டைக்குக் காவல் இருப்பது அப்பாதானே!

இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை கறுத்துத் தடிக்கும், மூக்கில் முள்முள்ளாக முளைக்கும். கல்லுக்கடியில் ஓர் இடம் பிடித்து, நெருங்கும் ஆண்களை முட்டித் தள்ளும். பெரும்பாலும் உடம்பு பெருத்தவனுக்கே வெற்றி. பெண் வந்து கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் தன் முதுகிலுள்ள மெத்தென்ற தடிப்பால் அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்யும். வெதுவெதுப்பான நீரில் ஐந்தாறு நாளில் குஞ்சு பொரியும்.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்திலேயே காலியிடம் இருந்தாலும் புதிதாக வரும் ஆண் முட்டை உள்ள கூட்டையே குறிவைக்கும். இருப்பவனை விரட்டிவிட்டு அவன் முட்டைகளைக் காக்கும். தர்ம சிந்தனை என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே முட்டை இருக்கும் கூடுதான் பெண்ணுக்குப் பிடிக்கும். போதாததற்கு, காக்கிற முட்டையிலேயே கொஞ்சத்தைத் தின்பதும் உண்டு. காவல்கூலி!

இந்த வீராப்பெல்லாம் ஹார்மோன் வேலை. கனடாவின் ஒன்டாரியோவில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை விஞ்ஞானிகள் ஓர் ஏரியில் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆண் மீன்களுக்குப் பெண்தன்மை வந்து, அந்த ஏரியில் இந்த இனமே கிட்டத்தட்ட அற்றுப்போனது.