வாசலில் வண்டியா? ஊர்முனையில் பஸ்ஸா?

(தலைப்பு: கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏற்றது சொந்த வண்டியே! பொதுப் பேருந்தே! – "பொதுப் பேருந்தே" என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசின அண்ணன், "காலேஜுக்குப் போற பிள்ளைக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுக்காதவன் எல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டார். பலத்த கைதட்டல்! யார் தட்டுறாங்கன்னு திரும்பிப் பார்த்தேன். முன் வரிசைப் பிள்ளைங்க. பின்னாலே உட்கார்ந்திருக்கிற அப்பாமார் ஒருத்தர் கூடக் கையை எடுக்கலை. (சிரிப்பு) அவங்களுக்குத்தானே தவணைத் தேதி தெரியும்!

நான் ஓமலூர்க்காரிங்க. சேலத்திலிருந்து பெங்களூர் ரோட்டிலே பதினஞ்சு கிலோமீட்டர். நடுவிலே கருப்பூர். 1966இலே வந்த அரசு பொறியியல் கல்லூரி அங்கேதான் இருக்கு. 1997இலே வந்த பெரியார் பல்கலைக்கழகமும் அங்கேதான். சுற்றிலும் தாரமங்கலம், காடையாம்பட்டி, மேச்சேரி, தீவட்டிப்பட்டின்னு ஊருங்க. அந்த ஊர்களுக்கு உள்ளே தள்ளிச் சின்னச் சின்னக் கிராமங்க. தறி ஓட்டுறவங்க, காட்டு வேலைக்குப் போறவங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்கதான் காலையிலே எங்க ஊர் பஸ் ஸ்டாண்டிலே பையை மாட்டிக்கிட்டு நிக்குது.

எங்க ஊரைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. ரயில் ஜங்ஷன் இருக்கு. மேட்டூர் அணைக்குப் பாதை பிரியறது அங்கேதான். பக்கத்துக் காமலாபுரத்திலே விமான நிலையமே இருக்கு! 2018இலே விமானம் வந்தது, அப்புறம் நின்னது, 2023 அக்டோபரிலே மறுபடியும் வந்தது. ஆகாயத்திலே போக வழி இருக்குங்க. சாயந்திரம் லேப் முடிச்ச பொண்ணு நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற கிராமத்துக்கு எப்படிப் போறது? அதுக்குத்தான் இன்னைக்கு இங்கே பட்டிமன்றம் போட வேண்டியிருக்கு! (கைதட்டல்)

"வண்டி இருந்தா கவலையில்லை"ன்னாங்க. சரி, கணக்குப் பார்ப்போம். ஓமலூரிலிருந்து சேலம் போய்த் திரும்ப முப்பது கிலோமீட்டர். மாசம் இருபத்தஞ்சு நாள்னா எழுநூற்று ஐம்பது. லிட்டருக்கு நாற்பத்தஞ்சு ஐம்பது கொடுக்கிற வண்டின்னாலும் பதினஞ்சு பதினாறு லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்ன்னு வச்சாலே ஆயிரத்து ஐந்நூறு ஆச்சுங்க. தவணை தனி. டயர் தனி. "பாதி வழியிலே நின்னுடுச்சுப்பா, மெக்கானிக் எழுநூறு கேக்கிறார்", அது தனி. (சிரிப்பு) அந்த எழுநூறிலே மெக்கானிக்குக்கு எவ்வளவு, சினிமாவுக்கு எவ்வளவுன்னு நான் கேக்கலை. பஸ்ஸிலேயோ, அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கு இலவச பாஸ். தனியார் கல்லூரின்னா பாதிக் கட்டணம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸிலே பொம்பளைகளுக்கு டிக்கெட்டே இல்லேன்னு 2021 மே மாசம் வந்தது.

அண்ணன் இன்னொன்றை மறந்துட்டார். ப்ளஸ் டூ முடிச்சுக் காலேஜிலே சேர்ற பிள்ளைகள்ல பாதிக்கு வயசு பதினேழுதான். பதினாறு வயசிலே லைசென்ஸ் உண்டுதான், ஆனா கியர் இல்லாத 50 சி.சி. வண்டிக்கு மட்டும்! இப்போ கடையிலே நிக்கிற ஸ்கூட்டர் எல்லாம் நூறு, நூற்றுப் பத்து, நூற்று இருபத்தஞ்சு. பதினெட்டு முடியாம அதைத் தொடக் கூடாது. மீறினா, 2019இலே திருத்தின சட்டப்படி, பிள்ளையைப் பெத்தவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் சிறை! வண்டி வாங்கிக் கொடுத்த நல்ல அப்பன் எங்கே இருப்பார் பார்த்தீங்களா? (பலத்த சிரிப்பு)

ரோடு எப்படிப்பட்ட ரோடுன்னு நினைக்கிறீங்க? முன்னே ஏழாம் நம்பர், 2010லிருந்து நாற்பத்து நாலு. ஸ்ரீநகரிலே ஆரம்பிச்சுக் கன்னியாகுமரியிலே முடியற ரோடுங்க. சங்ககிரி, நாமக்கல்லுன்னு லாரிக்குப் பேர் போன பக்கம் எங்க பக்கம். லாரிக்காரங்களைக் குத்தம் சொல்லலை, அவங்களும் பிழைப்புக்குத்தான் ஓட்டுறாங்க. ஆனா அவ்வளவு பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலே, பின்னாலே இன்னும் ரெண்டு பேரை உட்கார வச்சுக்கிட்டு, முதல் பீரியடுக்கு லேட்டாயிடுச்சுன்னு பறக்கிறான் பாருங்க நம்ம பையன்... 2022ஆம் வருஷம் மட்டும் இந்தியாவிலே சாலை விபத்திலே செத்தவங்க ஏறத்தாழ 1,68,000 பேர். அதிலே நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர் இரண்டு சக்கர வண்டியிலே போனவங்க. இதுக்கு மேலே இதைப் பற்றி நான் பேசலை. பிள்ளை வீடு வந்து சேர்ற வரைக்கும் தெருமுனையைப் பார்த்துக்கிட்டு நிக்கிற தாய்மார் இங்கே நிறையப் பேர் இருக்கீங்க.

சரி, இப்போ நான் கேக்கிறேன். ஒரு வீட்டிலே பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. கடன் வாங்கி ஒரு வண்டி வாங்கறாங்க. சாவி யார் பாக்கெட்டிலே இருக்கும்? (அவையில் "பையன்! பையன்!") பார்த்தீங்களா, சொல்லிட்டாங்க! பொண்ணு என்ன பண்ணணும்? "அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போவான், நில்லு கண்ணு". அண்ணன் கிரிக்கெட் முடிச்சு வர்ற வரைக்கும் நிக்கணும். பஸ்ஸுக்குச் சாவி கிடையாதுங்க. அதிலே ஏற எந்த அண்ணனையும் கேக்க வேண்டாம். (பலத்த கைதட்டல்)

எனக்குத் தெரிஞ்ச ஒரு கிராமம், தாரமங்கலம் பக்கம். பேர் வேண்டாம். அங்கே ஒரு தறிக்காரர். அவர் பொண்ணு நல்ல மார்க். காலேஜிலே சேர்க்கப் போனப்ப கூட நான் போனேன். என்ன படிப்பு, எவ்வளவு ஃபீஸுன்னு அவர் கேக்கலைங்க. என்கிட்டே ஒரே கேள்வி: "ஏனுங்க டீச்சர், சாயந்திரம் பஸ்ஸு எத்தனை மணிக்கு எங்க ஊருக்கு வரும்?" ஆறு பத்துக்கு வரும்னேன். "அப்படின்னா படிக்கட்டும்"னார். ஒரு பொண்ணோட பட்டப் படிப்பு அந்த ஆறு பத்திலே நின்னுக்கிட்டிருந்ததுங்க. அதே பஸ்ஸை நம்பி அந்த ஊரிலிருந்து இன்னும் மூணு பொண்ணுங்க.

ரெண்டாம் வருஷம் அந்த ட்ரிப் நின்னு போச்சு. அடுத்த பஸ் எட்டு மணிக்கு மேலே. முதல்ல கடைசி பீரியடுக்குப் பர்மிஷன் கேட்டாங்க. அப்புறம் லேப் இருக்கிற நாளா லீவு போட்டாங்க. அப்புறம் வீட்டிலே, "போதும் அம்மணி, தறிக்குத் துணையா இரு"ன்னுட்டாங்க. அந்த ஊர்ப் பொம்பளைங்க இருபது பேர் தறியை நிறுத்திட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலே போய் நின்னாங்க. மனு எழுதிக் கொடுத்தவ நான். மூணு திங்கட்கிழமை போனோம். ரெண்டு மாசம் கழிச்சு ட்ரிப் திரும்ப வந்தது. மூணு பொண்ணுங்க காலேஜுக்குத் திரும்பினாங்க. நாலாவது பொண்ணுக்கு அதுக்குள்ளே கல்யாணம் நிச்சயமாயிடுச்சு.

(அமைதி)

எதிரணி அண்ணன் கேட்டார்: "பஸ் நிக்காம போறான், படியிலே தொங்க வேண்டியிருக்கு, வரவேண்டிய நேரத்துக்கு வரலை. அப்போ என்ன செய்வீங்க?" அண்ணே, நீங்க சொன்ன குறை அத்தனையும் உண்மை. நிறுத்தத்திலே கையைக் காட்டக் காட்ட நூறடி தள்ளிப் போய் நிறுத்தின பஸ்ஸின் பின்னாலே புடவையைத் தூக்கிக்கிட்டு ஓடினவதான் நானும். ஆனா கேக்க வாய் இருக்கிறவங்க எல்லாம் ஆளுக்கொரு வண்டி வாங்கிக்கிட்டுப் போயிட்டா, அந்த நிறுத்தத்திலே மிச்சம் யார் நிப்பாங்க? யார் கேட்டாலும் கேக்காதவங்கதான் நிப்பாங்க. இன்னைக்கு டிரைவர் நிறுத்தாம போறார், நாளைக்கு ட்ரிப்பையே எடுத்துடுவாங்க. பஸ்ஸிலே கூட்டம்னா இன்னொரு பஸ் கேக்கணும் அண்ணே! பொங்கல் பானை சின்னதா இருக்குன்னு அடுப்பையா இடிப்பாங்க? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தங்கச்சி புதுக்கோட்டையை எடுத்துப் பேசினாங்க. 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். கல் உடைக்கிற பொம்பளையிலிருந்து டீச்சர் வரைக்கும் ஆயிரக்கணக்கிலே சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. "அது சொந்த வண்டியின் வெற்றி"ன்னாங்க. தங்கச்சி, சைக்கிளை எங்க அணிக்கு விட்டுக் கொடுத்துடுங்க! பெட்ரோல் கேக்காது, லைசென்ஸ் கேக்காது. கிராமத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும் சைக்கிள், அங்கே ஸ்டாண்டிலே பூட்டிட்டு, அதுக்கு மேலே பஸ். எங்க பக்கத்துப் பிள்ளைங்க வழக்கமே அதுதானே. அரசாங்கம் பள்ளிக்கூடத்திலே கொடுத்த சைக்கிளை மூணு வருஷம் காலேஜுக்கும் மிதிச்ச பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன். ஹேண்டில்பார் மட்டும் ரெண்டு தரம் மாறியிருக்கும். (சிரிப்பு)

நடுவர் மணியைத் தொட்டாச்சு. ஒரே ஒரு வேண்டுகோளுங்க ஐயா. தீர்ப்பை எந்தப் பக்கம் சொன்னாலும் சரி, ஒன்பது மணிக்குள்ளே சொல்லிடுங்க. அதோ அந்த ஓரத்திலே உட்கார்ந்திருக்கே காலேஜ் பொண்ணுங்க, அதுங்களுக்குக் கடைசி பஸ் ஒன்பதேகாலுக்கு.



(நீண்ட கைதட்டல்)