பேய்க்கதைகளும் பெயர்களும்: கருத்தரங்கத் தலைமை உரை



தொல்லியல் அறிஞர்களும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் ஒரே பந்தலில் அமர்வது அரிது. அதைச் சித்தன்னவாசல் குன்றின் அடிவாரத்தில் நடத்திக்காட்டும் அமைப்பாளர்களுக்கும், நம்மை வரவேற்று உபசரிக்கும் ஊராருக்கும் என் முதல் நன்றி. மக்கள் அஞ்சி ஒதுங்கும் இடங்களும் அவற்றின் பின்னுள்ள கதைகளும் என்பது இன்றைய பொருள். அதைப் பேச ஏற்ற மண் இது.

இந்தக் குன்றைச் சுற்றியுள்ள பொட்டலில் பெருங்கற்காலத்துக் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் முதுமக்கள் தாழிகளும் பரந்து கிடக்கின்றன. தாழியைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் கிழடுகளுக்குச் சாவே வராதாம். உடம்பு வற்றிச் சுருங்கி, மாடக்குழியில் வைக்கும் அளவுக்குக் குறுகிவிடுமாம். வேறு வழியின்றித் தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். உயிரோடு புதைத்தவர்கள் உலவும் மண்ணில் உச்சிப்பொழுதில் யார் கால் வைப்பார்கள்?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள கற்திட்டைகளை மக்கள் மோரியர் வீடு என்கிறார்கள். அவை குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடுகள் என்பது நம்பிக்கை. நெதர்லாந்து நாட்டின் கற்கால ஈமச்சின்னங்களை அந்நாட்டு மக்கள் அரக்கர் வேலை என்று நம்பினர். நாம் குள்ளரைக் கண்ட இடத்தில் அவர்கள் அரக்கரைக் கண்டார்கள். கட்டியவரை மறந்த பின்னும் கல் மட்டும் நின்றால், அந்த வெற்றிடத்தைக் கதைதான் நிரப்புகிறது.

அந்தக் கதையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது ஆய்வாகாது. கே.ஆர்.சீனிவாசன் 1946இல் வெளியிட்ட கட்டுரையில் தென்னிந்திய ஈமச்சின்னங்களைச் சங்க இலக்கியத்தோடும் மரபோடும் பொருத்திப் பார்த்தார். புறநானூற்றில் ஒரு பெண் குயவனை அழைத்துத் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். கணவனை இழந்த துயரம் அது. நம் ஊர்க்கதை அந்தத் துயரத்தை மறந்துவிட்டது. ஆனாலும் தாழிக்குள் இருப்பது மனிதர் என்பதையும், உணவுக்கலங்களோடு அவரை அனுப்பிவைத்தார்கள் என்பதையும் மறக்கவில்லை.

இப்போது குன்றின் மேல் ஏழடிப்பட்டத்துக்கு வாருங்கள். பாறையில் வெட்டிய படிக்குழிகளைக் கடந்து, சரிவை ஒட்டிய குறுகிய வழியில் குகைக்குள் நுழைந்தால் வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைப்பக்கம் தலையணை போல மேடு விட்டிருக்கிறார்கள். அவற்றுள் பழமையான படுக்கையில் தமிழி எழுத்து உள்ளது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்காகச் சிறுபொசில் இளையர் செய்து தந்த இருக்கை என்பது அதன் செய்தி. பிற்காலத்தில் திருநீலன், திருப்பூரணன் போன்ற துறவியரின் பெயர்களும் இங்கே பொறிக்கப்பட்டன. சமண முனிவர்கள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஏறுவதற்கே கால் நடுங்கும் இடம். ஆனால் இங்கே இருந்தவர்கள் பெயரோடு இருக்கிறார்கள். கீழே தாழிக்குள் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை. அதனால்தான் அவர்கள் பேயானார்கள். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: பேய்க்கதை என்பது பெயர் தொலைந்துபோன நினைவு.

இதே குன்றில் உள்ள குடைவரையான அறிவர் கோயிலின் கருவறையில் நின்று மெல்லிய குரலில் ஓங்காரம் எழுப்பிப் பாருங்கள். குறிப்பிட்ட சுருதியில் அறை முழுவதும் அதிர்ந்து ஒலிக்கும். பாறைச் சுவர்களில் ஒலி பட்டுத் திரும்பி, எழும் ஒலியோடு கூடி வலுப்பெறுவதே காரணம். காரணம் தெரிந்த பிறகும் மெய்சிலிர்ப்பது குறைவதில்லை. விளக்கம் தருவதால் வியப்புக் கெட்டுவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது வேறு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. இன்று அந்த ஊரைப் பேய் நகரம் என்று காட்டிப் படம் எடுக்கிறார்கள். மாண்டவர்கள் நம் பாட்டன் காலத்து மனிதர்கள். அவர்களை ஆவிகளாக்கி விற்பது இரண்டாம் முறை சாகடிப்பதற்குச் சமம்.

ஆகவே கட்டுரை வாசிக்கும் இளம் ஆய்வாளர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். சொல்பவரின் பேச்சு வழக்கிலேயே கதையைப் பதிவு செய்யுங்கள். எந்த வேளையில், யாருக்கு, எந்த இடம் விலக்கு என்பதையும் குறியுங்கள். கதை சொல்லும் இடத்தில் களஆய்வு செய்து, கல்லும் ஓடும் எழுத்தும் என்ன சொல்கின்றன என்று ஒப்பிடுங்கள். பேய் பிடித்தவர், சூனியம் வைத்தவர் என்று உயிரோடிருக்கும் எவரையும் அடையாளம் காட்டாதீர்கள். அந்தப் பழியைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் பெண்களுமே.

ஒரு கதைக்காவது உரிய மனிதரின் பெயரை, பெயர் கிடைக்காவிட்டால் அவர் வாழ்ந்த வாழ்வின் தடயத்தை மீட்டுத் தந்தால் இந்தக் கருத்தரங்கு தன் கடமையைச் செய்ததாகும். அந்த நம்பிக்கையோடு முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.